சலமாங்கா வீட்டில் 'வேண்டாங்க' என்று சொல்லிவிடாதீர்கள்

நீங்கள் கேட்டிருப்பது இது: கோபிப் பக்கம் ஊர், கோவையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு, ஸ்பானிஷில் ஏ1 என்கிற தொடக்க நிலை முடித்தாயிற்று. ஜூன் மாதம் நான்கு வாரம் ஸ்பெயினில் சலமாங்காவில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. தங்குவது அந்த ஊர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில். நீங்கள் சைவம். 'என்னென்ன எடுத்துப் போக வேண்டும், எந்தப் புத்தகம் படிக்க வேண்டும்' என்பது கேள்வி. கடைசியில் அடைப்புக்குள் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள்: 'முன்பின் தெரியாதவர் வீட்டில் எப்படி இருப்பது என்றுதான் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.' உங்கள் உண்மையான கேள்வி அந்த அடைப்புக்குள் இருப்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அதை அம்மா மட்டும் கேட்பதாகவும் தோன்றவில்லை.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் பனியன் ஏற்றுமதியில் பல வருடம் மெர்ச்சன்டைசராக இருந்தேன். ஸ்பானிய பையர்களோடு பேசப்போய் ஒட்டிக்கொண்ட மொழி இது. 2011 கோடையில் வேலையிலிருந்து லீவு போட்டுவிட்டு ஆறு வாரம் சலமாங்காவில், கணவரை இழந்த ஓர் அம்மாவின் வீட்டில் தங்கிப் படித்தேன். இப்போது கோவையில் ஸ்பானிஷ் சொல்லித்தருகிறேன். ஆண்டுதோறும் ஒன்றிரண்டு மாணவர்கள் இப்படிப் போய்வருகிறார்கள். எனக்குத் தெரிந்தது சலமாங்கா இருக்கும் காஸ்டீல் வட்டாரத்து வீடுகள்தான். செவில்லாவுக்கோ மெக்சிகோவுக்கோ போகிறவர் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் கணக்கு. இப்படிப்பட்ட கோடை வகுப்புகள் பெரும்பாலும் வாரத்துக்கு 20 பாடவேளை. நான்கு வாரத்துக்கு 80. ஆங்கிலம் பேசுகிறவர்கள் வேலைக்குப் போதுமான ஸ்பானிஷைப் பிடிக்க 600 முதல் 750 வகுப்பு மணி ஆகும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. ஆக, வகுப்பை மட்டும் நம்பிப் போனால் ஏழில் ஒரு பங்குகூடத் தேறாது. மீதியை அந்த வீடுதான் தர வேண்டும்: காலையில் ரொட்டி வாட்டும் நேரம், மதியச் சாப்பாடு, இரவு பத்து மணிக்குத் தட்டை எடுத்து வைத்த பிறகும் எழுந்திருக்காமல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார்களே, அந்த நேரம். அதற்கு 'சோப்ரெமேசா' என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் திண்ணைக்குப் போய்விடும் பேச்சு அங்கே மேசையிலேயே நடக்கிறது. நீங்கள் தயாராக வேண்டிய இடம் அது.

என் முதல் ராத்திரியைச் சொல்கிறேன். அந்த அம்மா உருளைக்கிழங்கும் வெங்காயமும் முட்டையும் சேர்த்த கெட்டி அடை மாதிரி ஒன்றை, அதுதான் அவர்கள் ஊர் 'தொர்த்தீயா', ஒரு துண்டு வெட்டி வைத்தார். காலையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, நல்ல பசி. முடித்ததும் இன்னொரு துண்டு வேண்டுமா என்று கேட்டார். நம்ம வளர்ப்பு என்ன? விருந்துக்குப் போன வீட்டில் முதல் தடவை 'வேண்டாங்க' என்போம். அவர்கள் 'அட, வெச்சுக்கோ கண்ணு' என்பார்கள். 'அய்யோ போதுங்க' என்போம். அவர்கள் கேட்காமலே வைத்துவிடுவார்கள். நானும் பழக்கதோஷத்தில் 'நோ, கிராத்தியாஸ்' (வேண்டாம், நன்றி) என்றேன். அவர் 'வாலே' (சரி) என்று சொல்லி, மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார். அன்றைக்கு நான் பையில் இருந்த முறுக்கைத் தின்றுவிட்டுப் படுத்தேன். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம் என்றுதான் பொருள். ஆகவே புறப்படும் முன் மனப்பாடம் செய்ய வேண்டிய முதல் வாக்கியம் 'சீ, உன் போக்கீத்தோ மாஸ், போர் ஃபவோர்': ஆமாம், இன்னும் கொஞ்சம். இரண்டாவது 'எஸ்தோய் யேனா': வயிறு நிறைந்துவிட்டது. இந்த இரண்டையும் கூச்சமில்லாமல், சரியான நேரத்தில் சொல்லத் தெரிந்தால் பாதி வீட்டை ஜெயித்த மாதிரி.

சைவம் பற்றி. 'சோய் வெஹெத்தாரியானா' என்று சொல்லிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். கறி என்றால் பலருக்கு மாட்டுக்கறி, கோழி அளவில்தான் மனதில் படும். அவரைக்காய்ப் பொரியலில் பொடிப்பொடியாகப் பன்றித்தொடை வற்றல் கிடக்கும். சாலட்டில் டப்பா சூரைமீன் இருக்கும். ஏமாற்ற வேண்டும் என்று செய்வதில்லை. அவை அங்கே தாளிப்பு மாதிரி. அதனால் பெயர் சொல்லியே மறுக்க வேண்டும்: 'நோ கோமோ கார்னே, நி பெஸ்காதோ, நி ஹாமோன், நி ஆத்தூன்.' கறி, மீன், பன்றித்தொடை வற்றல், சூரை எதுவும் சாப்பிட மாட்டேன். கூடவே 'கால்தோ' என்கிற இறைச்சிச் சாற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பருப்பும் சூப்பும் அதில்தான் வேகும். இதை அங்கே போய்ச் சொல்வதைவிட, பள்ளி அனுப்பும் தங்குமிடப் படிவத்தில் இப்போதே எழுதிவிடுவது நல்லது. முட்டை சாப்பிடுவீர்களானால் பாதிக் கவலை தீர்ந்தது. இல்லையென்றாலும் கொண்டைக்கடலை, பயறு, அரிசி, ரொட்டி, தக்காளி, வெயிலுக்குக் குளிரக் குளிரக் குடிக்கும் காஸ்பாச்சோ என்கிற தக்காளி சூப் என்று பட்டினி கிடக்காமல் ஓட்டிவிடலாம். அலுப்பு வரும், அதை மறுக்கவில்லை.

நேரமும் மாறும். மதியச் சாப்பாடு இரண்டரை மணிக்கு, இரவு ஒன்பதரைக்கு. உங்கள் தோட்டத்தில் எட்டு மணிக்கே சாப்பிட்டுப் படுக்கிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு இது கலிகாலமாகத் தெரியும். ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைவதே பத்து மணிக்குச் சற்று முன்புதான். இடத்தை வைத்துப் பார்த்தால் ஸ்பெயின் கிரீன்விச் நேரத்தில் இருக்க வேண்டிய நாடு. 1940இல் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாற்றியவர்கள் பிறகு திருப்பவில்லை. கோடையில் இன்னொரு மணி நேரம் கூட்டுகிறார்கள். மாலை ஆறு மணிக்கு ஏதாவது கொறித்துக்கொள்ளுங்கள், அதற்கும் 'மெரியெந்தா' என்று பெயர் உண்டு. இல்லாவிட்டால் ஒன்பது மணிக்குக் கண் இருட்டும்.

இப்போது மொழிக்கு வருகிறேன். இங்கே உங்களுக்கு ஒரு நல்ல செய்தி, இதை ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது. ஸ்பானிஷ் உச்சரிப்பு ஆங்கிலக்காரனைவிடத் தமிழ் வாய்க்கு எளிது. ஆ, ஏ, ஈ, ஓ, ஊ என்ற ஐந்து உயிர்தான் அவர்களுக்கு. 'மஞானா' என்பதில் வரும் ஒலி நம்ம ஞகரம். 'நாதா' என்பதில் நடுவில் வரும் தகரம், 'அது' என்று சொல்லும்போது நாக்கு பல்லைத் தொட்டும் தொடாமலும் போகிறதே, அதேதான். 'பெரோ' என்றால் ஆனால். 'பெறோ' என்று றகரத்தை உருட்டினால் நாய். பள்ளியில் தமிழய்யா மரம், மறம் என்று நாக்கை உருட்டச் சொல்லி உயிரை வாங்கியது இப்போது கைகொடுக்கும். தடுமாறுவது இரண்டு இடத்தில்: ஹாமோனில் வரும் தொண்டை ஒலி, அப்புறம் ஸ்பெயினில் மட்டும் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் 'கிராத்தியாஸ்' ஒலி. இரண்டாவது வராவிட்டாலும் கவலையில்லை. லத்தீன் அமெரிக்கா முழுக்க 'கிராசியாஸ்' என்றுதான் சொல்கிறார்கள்.

இலக்கணத்திலும் அப்படித்தான். வினை முடிவே ஆளைக் காட்டிவிடும் என்பதால் 'நான்' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 'போறேன்' என்றாலே புரிகிற மாதிரி 'வோய்' என்றாலே போதும். 'மே குஸ்தா எல் கஃபே' என்பதை ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் மாதக்கணக்கில் முட்டிமோதுகிறார்கள். 'எனக்குக் காப்பி பிடிக்கும்' என்று தமிழில் நினைத்தால் ஒரு நொடியில் வந்துவிடும். 'மே துவேலே லா கபேத்தா', எனக்குத் தலை வலிக்குது. அதே அச்சு. ஆனால் எல்லா இடத்திலும் தமிழை நம்பி இறங்காதீர்கள். பிடித்த பொருள் பன்மையானால் அங்கே வினையும் 'குஸ்தான்' என்று மாறும், நம் 'பிடிக்கும்' மாறாது. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பதற்கு நம்மிடம் ஒரு துணையும் கிடையாது, நெட்டுருதான். 'சேர்', 'எஸ்தார்' என்ற இரண்டு 'இரு'க்களும் ஆளைக் கவிழ்க்கும். முக்கியமாக, எனக்கு வெக்கையாக இருக்கிறது என்பதற்கு 'தெங்கோ கலோர்' என்று சொல்லுங்கள். அகராதியைப் பார்த்து 'எஸ்தோய் கலியெந்தே' என்று சொன்னால் அதற்கு வேறு அர்த்தம். சாப்பாட்டு மேசையில் யாரும் விளக்க மாட்டார்கள், சிரிப்பார்கள்.

நான்கு மாதம் இருக்கிறது உங்களுக்கு. என் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் வாங்கும் வேலை இதுதான். வீட்டில் ஒவ்வோர் அறையாக நடந்து, கையில் படும் பொருளைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சில சொற்கள் சொந்தக்காரர் மாதிரி வந்து நிற்கும்: மேசை அங்கே 'மேசா', அலமாரி 'அர்மாரியோ', துவாலை 'தொவாய்யா'. போர்த்துக்கீசியர் வழியாக நம்மிடம் வந்து தங்கியவை அவை. அடுத்து, உங்கள் வீட்டைப் பற்றி மூன்று நிமிடம் தடையில்லாமல் பேசப் பழகுங்கள். தோட்டத்தில் என்ன பயிர், அப்பா எத்தனை மணிக்குத் தண்ணீர் கட்டுகிறார், எத்தனை மாடு. மஞ்சளுக்குக் 'கூர்குமா', கரும்புக்குக் 'காஞா', தேங்காய்க்குக் 'கோகோ'. முதல் வாரம் முழுக்க இதைத்தான் கேட்பார்கள். உங்கள் ஊரில் கல்யாணத்தை அப்பா அம்மாதான் முடிவு செய்வார்களா என்பதும் கட்டாயம் வரும். அதற்கு நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று இங்கேயே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து புகைப்படம் பிரிண்ட் போட்டு எடுத்துப் போங்கள். போனை நீட்டினால் ஒரு நிமிடம் பார்ப்பார்கள். காகிதத்தில் கொடுத்தால் கை மாறிக் கை மாறிப் பேச்சு அரை மணி நேரம் ஓடும்.

இன்னொன்று, மரியாதை. கொங்கில் பிறந்த நமக்கு 'ங்க' போடாமல் வாய் திறக்காது. அங்கே 'ஊஸ்தெத்' என்பது நீங்க, 'தூ' என்பது நீ. வீட்டுப் பெரியவரிடம் 'ஊஸ்தெத்' என்று தொடங்குவது தப்பில்லை. ஆனால் அரை நாளில் 'தூன்னே கூப்பிடு' என்பார்கள். அதன் பிறகும் ஊஸ்தெத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் நாம் ஒதுங்கி நிற்பதாக எடுத்துக்கொள்வார்கள். அந்த அம்மாவை 'தூ' என்று கூப்பிட எனக்கு ஒரு வாரம் தொண்டையில் சிக்கியது.

மாற்ற முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டும்: எந்த வீடு கிடைக்கும் என்பது அதிர்ஷ்டம். அதை யாராலும் உறுதி சொல்ல முடியாது. கூடுதல் வருமானத்துக்காகத்தான் பலர் மாணவர்களை வைத்துக்கொள்கிறார்கள். அதில் பிரியமானவர்களும் உண்டு, சாப்பாட்டை வைத்துவிட்டு டிவி முன்னால் போய் உட்காருகிறவர்களும் உண்டு. என் மாணவி ஒருத்தியை ஒரு பள்ளி, வேறு ஐந்து வெளிநாட்டுப் பிள்ளைகள் இருந்த வீட்டில் போட்டது. மாதம் முழுக்க அவள் பேசியது ஆங்கிலம். அதனால் இப்போதே மின்னஞ்சலில் கேளுங்கள்: அந்த வீட்டில் வேறு எத்தனை மாணவர்கள், வீட்டார் உடன் உட்கார்ந்து சாப்பிடுவார்களா, 'மேதியா பென்சியோன்' என்கிற இரண்டு வேளைச் சாப்பாடு என்றால் எந்த இரண்டு வேளை. பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போன இடத்தில் ஒத்துவரவில்லையென்றால் இரண்டாம் நாளே பள்ளியில் தங்குமிடம் பார்ப்பவரிடம் சொல்லுங்கள். வீடு மாற்றித் தருவது அவர்களுக்குப் புதிதல்ல. பொறுத்துப் பார்ப்போம் என்று மூன்று வாரம் பல்லைக் கடிப்பது நம் ஊர் வழக்கம், நான்கு வாரப் படிப்புக்கு அது கட்டாது. சாப்பாடு பிடிக்கவில்லை என்பது வேறு. அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, யாரோ தொந்தரவு செய்கிறார்கள் என்பது வேறு. இரண்டாவதற்கு ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். அவசர எண் 112.

ஒரு மாதத்தில் எவ்வளவு பேச வரும் என்று கேட்காமல் இருக்க மாட்டீர்கள். நான் பார்த்த வரையில், அடுத்த நிலையான ஏ2 முடித்துவிட்டுப் போனவர்கள் நான்கு வாரத்தில் வாய் திறந்து வருகிறார்கள். ஏ1 அரைகுறையாகப் போனவர்கள் காது மட்டும் திறந்து வருகிறார்கள். இது இருபது, முப்பது பேரைப் பார்த்த அனுபவம்தான், ஆராய்ச்சி அல்ல. மே மாதத்துக்குள் ஏ2வின் கடந்த கால வடிவங்களையாவது தொட்டுவிடுங்கள். 'இன்றைக்கு என்ன செய்தாய்' என்பதுதான் தினமும் இரவு கேட்கப்படும் முதல் கேள்வி, கடந்த காலம் இல்லாமல் அதற்குப் பதில் கிடையாது.

விசா பற்றி உறுதியானதை மட்டும் சொல்கிறேன். நான்கு வாரத்துக்கு மாணவர் விசா தேவையில்லை, ஸ்பெயின் உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால ஷெங்கன் விசா போதும். 180 நாளில் 90 நாள் வரை அது செல்லும். கட்டணம் 90 யூரோ, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருக்கக் கூடாது. திரும்பும் தேதிக்குப் பிறகும் பாஸ்போர்ட் மூன்று மாதமாவது செல்ல வேண்டும். சென்னையில் மையம் இருக்கிறது, கோடை நெருங்க நெருங்க நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு, ஆகவே பள்ளியின் சேர்க்கைக் கடிதமும் தங்குமிட உறுதியும் கைக்கு வந்த அன்றே பதிவு செய்யுங்கள். தருவதும் மறுப்பதும் அதிகாரி கையில். விசா வரும்வரை ரத்து செய்தால் பணம் திரும்பாத டிக்கெட்டை எடுக்காதீர்கள். தேதியையும் ஒருமுறை கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள். நம்ம கோடை ஏப்ரல், மே. அவர்கள் கோடை ஜூலை, ஆகஸ்ட். ஜூன் நடுவில் இங்கே வகுப்பு தொடங்கினால் வருகைப்பதிவுக்கு யாரிடம் போய் நிற்பது?

பெட்டிக்குள் அதிகம் வேண்டாம். சலமாங்கா சுமார் 800 மீட்டர் உயரத்து ஊர். பகலில் வெயில் அடித்தாலும் இரவில் ஸ்வெட்டர் கேட்கும். நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் வாங்குங்கள். மின்சாரம் நம்மைப் போலவே 230 வோல்ட். நெய், வெண்ணெய், தயிர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துப்போகத் தடை, ஊத்துக்குளி வெண்ணெய் என்றாலும். பச்சைக் கறிவேப்பிலையையும் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். தேங்காய்க்கு விலக்கு இருக்கிறது என்பது பொள்ளாச்சிக்காரர்களுக்கு ஆறுதல். அன்பளிப்பாகச் சென்னிமலைத் துண்டோ மேசை விரிப்போ நன்றாக இருக்கும். பவானி ஜமக்காளம் கனம், நான் சுமந்துபோய் அனுபவித்தேன். கொஞ்சம் ஈரோட்டு மஞ்சள்தூள் பாக்கெட்டாக எடுத்துக்கொண்டு, இரண்டாவது ஞாயிறு அடுப்படியைக் கேட்டு வாங்கி அரிசிம்பருப்புச் சாதம் செய்து போடுங்கள். அரிசி, பருப்பு, பூண்டு, தக்காளி, சீரகம் எல்லாம் அங்கேயே கிடைக்கும். மிளகாயை மட்டும் பாதியாகக் குறைத்துவிடுங்கள். அவர்களும் பயறோடு அரிசி சேர்த்து ஆக்குகிறவர்கள்தான். நான் செய்தபோது அந்த அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, 'எங்கள் பாட்டி செய்வது, ஆனால் மஞ்சளாக இருக்கிறது' என்றார். அதன் பிறகு அவர் அடுப்படியில் எனக்கும் ஒரு மூலை கிடைத்தது. அனுமதி கேட்காமல் மட்டும் தாளித்துவிடாதீர்கள்.

அம்மாவோடு பேச ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் இடைவெளி மூன்றரை மணி நேரம். அங்கே மாலை ஐந்து என்றால் கோபியில் இரவு எட்டரை. பதினைந்து நிமிடம் பேசினால் போதும். தினமும் ஒரு மணி நேரம் வாட்ஸ்அப்பில் தமிழ் பேசினால் மூளை அந்தப் பக்கம் திரும்பவே திரும்பாது. அம்மாவிடம் இதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள், அங்கிருந்து சொன்னால் வருத்தப்படுவார்.

வீட்டுக்குள் நடமாட மிருதுவான செருப்பு ஒரு ஜோடி கட்டாயம் வேண்டும். நாம் வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போவதை மரியாதை என்று நினைக்கிறோம். மூன்றாம் நாள் காலை நான் வெறுங்காலோடு அடுப்படிக்குள் வந்ததைப் பார்த்து அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, 'தப்பாத்தீயாஸ்! (செருப்பு!) சளி பிடிக்கும்!' என்று கத்தினார். மாடியில் குடியிருந்தவர் எட்டிப் பார்த்தார். மகளைத் திட்டுகிற குரல்தான் அது, ஆனால் எனக்கு அப்போது அது புரிகிற அளவுக்கு ஸ்பானிஷ் வரவில்லை.